தேர் அளந்த தெரு

நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் நேரே கோபுரத்துக்குள் நுழையக் கூடாது என்பது ஆச்சியின் சட்டம். முதலில் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வர வேண்டும், அதுவும் வெறுங்காலோடு. "ஆனியில் சாமி போகிற வழி. அதில் நாம் செருப்போடு போவதா?" என்பாள். மற்ற நாட்களில் அதே வழியில் லோடு ஆட்டோ போகிறதே என்று கேட்க வாய் வரும். 78 வயதுக்காரியிடம் அந்த வாதம் எடுபடாது.

தை வெள்ளி ஒன்றில், விடியும் முன்பே திருநெல்வேலி சந்திப்பிலிருந்து டவுனுக்குப் பஸ் பிடித்தோம். கடைகள் ஒன்றும் திறக்கவில்லை. கீழ ரத வீதியில் சுவாமிக்கும் காந்திமதியம்மைக்கும் தனித்தனி வாசல். இரண்டுக்கும் வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தாள். தார் பனியில் சில்லிட்டிருந்தது.

பகலில் இந்த வீதிகளின் அகலம் கண்ணில் படாது. ஜவுளிப் பையும் பாத்திரக்கடையும் இருசக்கர வண்டிகளும் அதை விழுங்கிவிடும். விடியற்காலையில்தான் தெரியும், இது மனிதர்களுக்காகப் போட்ட அளவல்ல என்று. ஆனித் தேரோட்டத்தில் பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் இங்கே வர வேண்டும். சுவாமி தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. அது வருகிறது என்றால் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுகிறார்கள், கடை முன் நீட்டிய பந்தல்களைப் பிரிக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை தெருவைத் திரும்ப அளந்து கொடுப்பது அந்தத் தேர்தான்.

நேரே ஓடுவது பெரிதில்லை, முக்குத் திரும்புவதுதான் பாடு. பின்னால் தடி போட்டு உந்துவார்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். வாகையடி முக்கில் ஆச்சி நின்றாள். தாத்தா வடம் பிடித்துக் கை தோலுரிந்து வந்த கதையை நூறாவது முறையாகச் சொன்னாள். லாலா சத்திர முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று இந்த ஊரில் வழி கேட்டால் முக்குகளின் பெயரைத்தான் சொல்வார்கள்.

மேல ரத வீதியில் நடக்கும்போது பேச்சு ஊர்ப்பெயருக்குத் தாவியது. வேதசர்மா என்ற பக்தர் நிவேதனத்துக்கு உலர்த்திய நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியிட்டுக் காத்ததால் நெல்வேலி. அதற்கும் முன்னே மூங்கில் காடு, வேணுவனம். சம்பந்தர் 'திக்கெலாம் புகழுறும் திருநெல்வேலி' என்று பாடினார். ஆச்சிக்குத் தேவாரத்தில் அந்த ஒரு வரிதான் தெரியும். அதையே வடக்கு ரத வீதி முழுக்க முணுமுணுத்தாள்.

திரும்பவும் கீழ ரத வீதி. மாலையில் அல்வாவுக்குக் கூட்டம் மொய்க்கும் இருட்டுக்கடை மூடிக் கிடந்தது. விளக்கு மங்கலால் பெயர் பெற்ற கடை, விடியலில் பக்கத்துக் கதவுகளைப் போலவே சாதுவாக இருந்தது. நான் அங்கே நின்றதை ஆச்சி கவனித்துவிட்டாள்.

அதன் பிறகுதான் உள்ளே விட்டாள். நெல்லையப்பர், பக்கத்திலேயே பள்ளிகொண்ட நெல்லை கோவிந்தர், பிறகு நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை. இசைத் தூண்களின் அருகே வழக்கம்போல ஒருவர் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கல்லைத் தட்டித் தட்டியே தேய்த்துவிடுவார்கள் போலிருக்கிறது. சுவாமி கோயிலையும் அம்பாள் கோயிலையும் சேர்க்கும் சங்கிலி மண்டபத்தில் உட்கார்ந்தோம். 1647-இல் வடமலையப்பப் பிள்ளை கட்டியது. அதுவரை இரண்டும் தனித்தனிக் கோயில்களாம். ஆச்சி தூணில் சாய்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தார்க் கருப்பு அப்பியிருந்தது. முந்தானையால் துடைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஊருக்குப் பஸ் எப்போது என்று.

"அல்வாக்கடை சாயங்காலம்தானே திறப்பான்?" என்றாள்.