43ஆம் அடிக்குறிப்பு

‘இபிட்., ப. 112’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

நேற்று அதற்கு மேலே புதுக் குறிப்பு ஒன்றைச் செருகியது நான்தான். இப்போது இபிட் காட்டுவது வேறொருவர் புத்தகத்தை. அதில் மொத்தமே 96 பக்கம்!

‘இபிடெம்’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ‘அதே இடத்தில்’ என்று பொருள். நேர் மேலே இருப்பதைத்தான் காட்டும். நம் ஆய்வேடுகளில் வரும் ‘மேலது’வுக்கும் இதே கதிதான்.

‘ஆப். சிட்.’ என்ற இன்னொரு லத்தீன் சுருக்கம் இன்னும் மோசம். ‘முன்பு சொன்ன நூலில்’ என்கிறது. எந்த நூல் என்று பின்னால் போய்த் தேட வேண்டும்.

நூல்களைக் குறிப்பிடும் முறைகளைச் சொல்லும் சிகாகோ கையேட்டின் 2017 பதிப்பு, இபிட்டுக்குப் பதில் ஆசிரியர் பெயரோடு சுருக்கக் குறிப்பு தரச் சொல்கிறது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 112ஆம் பக்கத்தை எழுதியவர் பெயர் அங்கே இருக்கட்டும்.