ஆப்பிரிக்க இணையம்: சிக்கல் கீழே கம்பியில்

2021 ஜூனில் நைஜீரிய அதிபர் புகாரியின் பதிவை ட்விட்டர் நீக்கியது. அவர் அரசு ட்விட்டரையே முடக்கியது. 2022 ஜனவரி வரை ஜனங்கள் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன்னில் ஓட்டினார்கள். ரெண்டும் தணிக்கைதான், விடுங்கள்; பெரிய சிக்கல் கீழே கம்பியில்.

2024 மார்ச் 14, ஐவரி கோஸ்டின் அபிஜான் அருகே கடலடியில் நாலு கேபிள் பழுது: வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இணையம் படுத்துவிட்டது.

இணைய நிறுவனங்கள் லாகோஸ், நைரோபி எக்ஸ்சேஞ்சிலேயே (டிராஃபிக்கைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் இடம்) இணைந்துகொண்டால் உள்ளூர் டிராஃபிக் லண்டன் போய்த் திரும்ப வேண்டாம். கென்யாவிலும் நைஜீரியாவிலும் 2012-ல் டிராஃபிக்கில் சுமார் 30% உள்ளூரிலேயே கைமாறியது; 2020-ல் 70%.

ஆனால் சர்வர் உள்ளூரில், டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைச் சொல்லும் அமைப்பு) லாகின் சரிபார்ப்பும் வெளிநாட்டில் என்றால், கேபிள் அறுந்த அன்று பக்கத்துத் தெரு வங்கியின் தளம்கூடத் திறக்காது. டேட்டா சென்டர் ரிப்பன் வெட்டும் அமைச்சர்கள் இதைக் கேட்பதே இல்லை.