ரெவ் லிமிட்டை 500 ஏற்ற நான்கு மாதம்: என் டர்போ எஞ்சின் அனுபவம்

ரெவ் லிமிட் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு (ஆர்பிஎம்) மேல் போகாமல் தடுக்கும் எல்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் அதை மாற்ற ஐந்து நொடி போதும். 7000 என்று இருக்கும் கட்டத்தில் வேறு எண்ணைப் போட்டு சேவ் செய்தால் முடிந்தது. எனக்கு அந்த வேலை முடிய நான்கு மாதம் ஆனது. டைனோவில் (எஞ்சினின் பவரை அளக்கும் மேடை) ஒரு நாள் முழுசாக வீண். எஞ்சின் ஒருமுறை வெளியே வந்து மேசை ஏறியது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் பிளாக்கில் ஓட்டை விழாமல் தப்பித்தோமே என்ற நிம்மதியும் கூடவே இருக்கிறது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2 லிட்டர், நான்கு சிலிண்டர், 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), பெரிய டர்போ, 1.5 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்). லிமிட் 7000. என் குறை என்னவென்றால், முழு பூஸ்ட் வருவதே 5000-க்குப் பக்கத்தில்தான். இரண்டாம் கியர் 1.9, மூன்றாம் கியர் 1.3. 7000-ல் கியர் மாற்றினால் ஊசி 4790-ல் போய் விழும். டர்போ மறுபடி மூச்சுப் பிடித்து எழ வேண்டும். 7600-ல் மாற்றினால் 5200-ல் விழும், பூஸ்ட் விடாமல் இழுக்கும். இதற்காகத்தான் ஏற்ற நினைத்தேன்.

இப்படி ஒரு காரணம் உங்களிடம் இல்லையென்றால் லிமிட்டில் கை வைக்காதீர்கள். சின்ன டர்போவாக இருந்தால் 6500-க்கு மேல் கம்ப்ரசர் திணறும், காற்றைச் சூடாக்குவதுதான் மிச்சம், பவர் கோடு சரிந்துகொண்டே போகும். சரிகிற இடத்துக்கு மேலே போய் என்ன கிடைக்கப் போகிறது? என் பழைய டைனோ கிராஃபில் 7000 வரை கோடு கீழே இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் துணிந்தேன்.

டைனோவுக்குப் போனேன். டியூனர் (ஈசியு எண்களைச் சரிசெய்பவர்) வால்வு ஸ்பிரிங் பற்றிக் கேட்கவில்லை, ராடு போல்ட் பற்றிக் கேட்கவில்லை. "7800 போட்டுடலாம்" என்றார், போட்டார். முதல் ஓட்டத்திலேயே 7200 தாண்டியதும் கிராஃப் ரம்பப் பல் மாதிரி உடைந்தது. எஞ்சின் சத்தமும் மாறியது. யாரோ தகரத்தைத் தட்டுவது மாதிரி ஒரு கரகரப்பு. "ஸ்பார்க் அணையுது" என்று சொல்லி பிளக் இடைவெளியை 0.8 மி.மீ.யிலிருந்து 0.6-க்குக் குறைத்தார். அதே உடைசல். வேறு பிளக் மாற்றினார். அதே உடைசல். பூஸ்டை 0.8 பாருக்கு இறக்கியதும் 7500 வரை கோடு சுத்தமாக வந்தது. "பார்த்தீங்களா, ஸ்பார்க்தான்" என்றார். மறுபடி மூன்று ஓட்டம். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து லாகை (ஈசியு பதிந்து வைத்த அளவுகளை) திறந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பூஸ்டால் ஸ்பார்க் அணைகிறதென்றால், சிலிண்டரில் காற்று அதிகம் அடைபடும் இடத்தில், அதாவது டார்க் (சுழற்று விசை) உச்சத்தில், என் எஞ்சினுக்கு 5400 பக்கத்தில்தான் முதலில் அணைய வேண்டும். அங்கே கோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. கிராங்க் சென்சார் சிக்னல் தவறுகிறதா என்று பார்த்தேன். எரர் கணக்கு பூஜ்யம். ஏர்-ஃபியூயல் அளவும் அசையவில்லை. மிச்சம் இருப்பது வால்வு. வால்வைத் திறக்கும் கேமை ஸ்பிரிங் பின்தொடர முடியாமல், வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கிறது.

டர்போ வண்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். இன்டேக் வால்வின் முதுகில் பூஸ்ட் உட்கார்ந்து அதைத் திறக்கப் பார்க்கிறது. 32 மி.மீ. வால்வு என்றால் பரப்பு சுமார் 8 சதுர செ.மீ.; 1.5 பார் பூஸ்டில் அது 12 கிலோ தள்ளு. அந்தப் 12 கிலோவை ஸ்பிரிங்கின் சீட் அழுத்தத்திலிருந்து (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தரும் அழுத்தம்) கழித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எக்ஸாஸ்ட் பக்கமும் டர்பைனுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் இதே வேலையைச் செய்யும். பூஸ்டைக் குறைத்ததும் கோடு சரியானதற்குக் காரணம் இதுதான். டியூனரிடம் போனில் சொன்னேன். "வேணும்னா ஸ்பிரிங் மாத்திப் பாருங்க" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு நாளில் எத்தனை முறை வால்வைப் பிஸ்டன் பக்கம் மிதக்க விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஹெட் வேலைக்காக ஒரு மெஷின் ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதல் கேள்வி, கட்டும்போது எடுத்த அளவுகளை எழுதிய தாளைப் பற்றி: "பில்ட் ஷீட் எங்க தம்பி?"

இல்லை. எஞ்சினைக் கட்டிக் கொடுத்தவரிடம் கேட்டேன். "எல்லாம் கரெக்டா டார்க் வெச்சுதான் இறுக்கினோம்" என்று வாயால் சொன்னார்; காகிதம் ஒன்றும் கிடையாது.

"டார்க் எவ்வளவுன்னு நான் கேக்கல. மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ராடு போல்ட்டும் எவ்வளவு நீளம் இருந்துச்சு? அது தெரியாம நான் 7000-க்கு மேல சுத்துற எஞ்சினுக்குக் கை வைக்க மாட்டேன்" என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று யாராவது கேட்டால் நானும் அவரைப் போலத்தான் சொல்வேன்.

பூஸ்ட் ராடை உடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பூஸ்ட் தருவது அமுக்கு. ராடு போல்ட்டைப் பிய்ப்பது இழுப்பு, அது ஆர்பிஎம்மிலிருந்து வருகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் மேலேயிருந்து அழுத்த எரிவாயு எதுவும் இல்லை. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பாதி எல்லாமே மேலே பறக்கப் பார்க்கும். பிடித்து நிறுத்துவது இரண்டு போல்ட். எடை 600 கிராம், ராடு நீளம் 136 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டோம். 7000-ல் அந்த இழுப்பு 1.9 டன் பக்கம். 7600-ல் 2.2 டன். ஆர்பிஎம் ஏறுவது 9 சதவீதம்கூட இல்லை, சுமை 18 சதவீதம் ஏறுகிறது, ஏனென்றால் இது ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் வளரும்.

நல்ல போல்ட்டை இறுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீளும், அவிழ்த்தால் பழைய நீளத்துக்கே திரும்பும். திரும்பாமல் 0.025 மி.மீ. நீண்டே நின்றால் அந்தப் போல்ட் குப்பைக்கு. ஆனால் பழைய நீளம் எழுதி வைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும்? ஆயில் பேனை இறக்கி, எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தார். ஆறு போல்ட் கிட்டத்தட்ட ஒரே நீளம். மூன்றாம் சிலிண்டரின் இரண்டும் மற்றவற்றைவிட 0.05 மி.மீ. கூடுதல். வரும்போதே அப்படி இருந்ததா, நீண்டுவிட்டதா? சொல்ல ஆளில்லை, காகிதமும் இல்லை. எட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. போல்ட்டை மாற்றினால் ராடின் பெரிய கண் (கிராங்கில் மாட்டும் துளை) வட்டமாக நிற்கிறதா என்று இறுக்கிப் பார்த்தாக வேண்டும். அதற்கு ராடு வெளியே வர வேண்டும். எஞ்சின் இறங்கியது. ஒரு தாளில் எட்டு எண்ணை எழுதாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை இது. எஞ்சின் கட்டக் கொடுக்கிறீர்களா? போல்ட் நீளம், பேரிங் கிளியரன்ஸ் (இடைவெளி), ஸ்பிரிங் அழுத்தம் மூன்றையும் எழுத்தில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கைச் சோதித்தால், 27 கிலோ காட்ட வேண்டியவை 21, 22 என்று காட்டின. 36 கிலோ ஸ்பிரிங் போட்டோம். இன்னும் கெட்டியானது கிடைத்தது, அண்ணன் வேண்டாம் என்றார்: தேவைக்கு மேல் கெட்டி என்றால் கேம் முனை தேயும். வால்வு முழுசாகத் திறக்கும்போது (முழு லிஃப்டில்) சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடம் இருக்கிறதா என்பதையும் அளந்தே மாட்டினார்.

ஆயில் பம்ப் கியரையும் அப்போதே மாற்றினேன். அழுத்திச் செய்த உலோகப்பொடி கியர்கள் லிமிட்டரில் தடதடக்கும்போது கிராங்கின் அதிர்வில் நொறுங்கக்கூடும். நிஸான் ஆர்பி26 எஞ்சினில் ஊரறிந்த வியாதி அது. அதேபோல நிஸானின் எஸ்ஆர்20-ல் லிமிட்டரில் அடித்தால் ராக்கர் ஆர்ம் கழன்று விழும். அவரவர் எஞ்சினுக்கு இப்படி ஒரு பலவீனம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகே எண்ணைத் தொடுங்கள்.

பிஸ்டன் வேகத்தில் பயம் இருக்கவில்லை. 7600-ல் சராசரி 21.8 மீட்டர்/நொடி. ஹோண்டாவின் எஃப்20சி, 84 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 9000 சுற்றி 25.2 தொடுகிறது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அதற்கென்று கட்டிய எஞ்சின் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது டைனோ வேறு டியூனரிடம். அவர் லேப்டாப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று ஈசியுவுக்குச் சொல்லும் ஃபியூயல் டேபிள், இக்னிஷன் டேபிள் இரண்டிலும் கடைசி நெடுவரிசை 7000. லிமிட்டை 7800 ஆக்கியவர் டேபிளை நீட்டவே இல்லை. 7000-க்கு மேல் எஞ்சின் என்ன கேட்டாலும் ஈசியு அந்தக் கடைசிக் கட்டத்தையே திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் டேபிள் எங்கே முடிகிறது என்று இன்றே திறந்து பாருங்கள்.

பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் கணக்கும் மாறும். 7000-ல் ஒரு சுழற்சிக்கு 17.1 மில்லிநொடி, 7600-ல் 15.8 தான். 14 மில்லிநொடி திறக்கும் இஞ்செக்டர், சுழற்சி நேரத்தில் 82 சதவீதத்திலிருந்து 89-க்குத் தாவிவிடும். என் எஞ்சின் மேலே போகப் போகக் காற்றைக் குறைவாகவே இழுத்ததால் 13.2 போதுமாக இருந்தது, 84-ல் நின்றது.

லிமிட்டரின் வகையிலும் பொறுமையாக உட்கார்ந்தார். இக்னிஷனை மட்டும் வெட்டினால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் போய் எரியும், டர்பைன் அடி வாங்கும். ஃபியூயலை வெட்டுவதென்றால் அந்தச் சிலிண்டருக்கு முழுசாக வெட்ட வேண்டும். அரைகுறையாகக் கொடுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து (லீனாகி) பிஸ்டன் உருகும். எனக்கு வைத்தது: 7350-லிருந்து இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து மெதுவாகத் தடுப்பது, 7500-ல் முழு ஃபியூயல் வெட்டு. ஆயில் 70 டிகிரி வரும்வரை லிமிட் 4500.

ஆம், 7600 இல்லை, 7500. புதிய கிராஃபில் பவர் உச்சம் 6900, 7500-க்குப் பிறகு சரிவு செங்குத்து. கியர் மாற்றினால் 5130-ல் விழுகிறது, பூஸ்ட் இருக்கிறது. கடைசி நூறுக்காக அடம்பிடிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும்: ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவதில் போட்டுவிட்டால் எந்த லிமிட்டரும் காப்பாற்றாது. அப்போது எஞ்சினைச் சுற்றுவது சக்கரம், பெட்ரோல் இல்லை.

டைனோ முடிந்து 300 கி.மீ. ஓடியதும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அறுத்து, மடிப்புத் தாளை வெள்ளைத் துணியின் மேல் விரித்துப் பார்த்தேன். காந்தத்தை ஓட்டினேன். ஒரு மினுக்கு இல்லை. எட்டு போல்ட்டின் நீளமும் மெஷின் ஷாப் அண்ணன் கையெழுத்தில் ஒரு தாளில் இருக்கிறது. வண்டிக் காகிதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.