அம்மம்மா வீட்டுக் கணக்கு

2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்காக உத்தியோகத்தர் ஒருவர் திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் டெப்லெட்டுடன் வந்து அமர்ந்தபோது, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அம்மம்மா தன் ஏழு பிள்ளைகளின் பெயர்களையும் மூத்தவரிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். "இஞ்ச வழமையா இருக்கிற ஆக்களை மட்டும் சொல்லுங்கோ அம்மா" என்று அந்த உத்தியோகத்தர் பணிவாகச் சொன்ன பிறகு எஞ்சியவர்கள் அம்மம்மா, அம்மா, நான் ஆகிய மூவரே.

பிறப்பால் கூடி இறப்பால் குறைவது சனத்தொகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். திருகோணமலையில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்தவை குடியேற்றமும் இடப்பெயர்வும்தான். கந்தளாய், அல்லை நீர்ப்பாசனத் திட்டங்களோடு வெளிமாவட்டக் குடும்பங்கள் வந்து குடியேறின. 1981இல் மாவட்டத்தின் ஏறத்தாழ 2 லட்சத்து 56 ஆயிரம் பேரில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒவ்வொருவரும் மூன்றிலொரு பங்கை அண்டியே இருந்தார்கள். போரினால் 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் இங்கே அது முழுமையாகவில்லை. 2012இல் மொத்தம் ஏறத்தாழ 3 லட்சத்து 79 ஆயிரமாகியிருக்க, முஸ்லிம்கள் 40 வீதமாகவும், தமிழர் 31 வீதத்தை ஒட்டியும், சிங்களவர் 27 வீதமாகவும் இருந்தார்கள்.

இந்த விகிதங்களைப் பார்த்து, யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று மட்டுமே வாதாடுகிறவர்கள் 1990இல் போருக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்குப் போன படகுகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். அப்படகுகளில் ஒன்றில்தான் என் மாமாமார் இருவர் போனார்கள். போகிறவர்களில் பலர் இளவயதினர் என்பதால், அவர்களோடு அவர்களுக்குப் பிறக்கவிருந்த பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் பதினாறு பேரில் பதினொருவரின் பிறப்புப் பதிவு சென்னையிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறது.

இப்போது போர் இல்லை. ஆயினும் 2022இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். 2019இல் ஏறத்தாழ 3 லட்சத்து 19 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 2023இல் 2 லட்சத்து 48 ஆயிரமளவுக்கு இறங்கின. பொருளாதார நெருக்கடியில் தள்ளிப்போன கல்யாணங்களும், புருஷன் கட்டாரில், மனைவி இங்கே என்று பிரிந்திருக்கும் வீடுகளும் இந்த இறக்கத்துக்குள் அடக்கம் என்று நினைக்கிறேன்.

அந்த உத்தியோகத்தர் கடைசியாக, வீட்டில் எத்தனை அறைகள் என்று கேட்டார். ஆறு என்றார் அம்மா; பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அம்மப்பா இல்லாத காசைத் தேடி ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிய அறைகள் அவை.