சித்தப்பா எந்தக் கணக்குலயும் வரல

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாவ பாக்க ஊருக்குப் போயிருந்தேன். தொடைல ராடு வெச்சு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் படி ஏறுறப்ப செவுத்தப் புடிச்சுக்கிட்டுதான் ஏறுறாரு. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டில ரெண்டு மூட்டை புண்ணாக்கு வெச்சுக்கிட்டு வந்தவரு ஹைவேலேர்ந்து சர்வீஸ் ரோட்டுல எறங்குற எடத்துல கெடந்த மணல்ல சறுக்கி விழுந்துட்டாரு, யாரும் வந்து இடிக்கல. ஆஸ்பத்திரில "பைக்ல விழுந்தாருன்னு எழுதுனா ஸ்டேஷனுக்கு தகவல் போகும், வீட்டுல வழுக்கி விழுந்ததா போட்டுக்கவா"ன்னு கேட்டாங்க. அந்த நேரத்துல ஸ்டேஷனுக்கு அலைய யாருக்கும் தெம்பு இல்ல, நாங்களும் சரின்னுட்டோம்.

இத ஏன் சொல்றேன்னா, திரும்பி வந்தப்புறம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் போடுற விபத்து அறிக்கைகள எடுத்துப் படிச்சேன். 2010ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1,34,513 பேரு, காயம்பட்டவங்க 5,27,512 பேரு. 2022ல செத்தவங்க 1,68,491, காயம் 4,43,366. நல்லா பாருங்க, சாவு கால்வாசி கூடியிருக்கு, காயம் மட்டும் கொறஞ்சிருக்கு. இந்த பன்னெண்டு வருஷத்துல வண்டி எவ்ளோ பெருகிருக்குன்னு நம்ம தெருவுலயே தெரியுது, அப்புறம் எப்படிங்க காயம் கொறையும்?

ஒரு பாதி நெஜமாவே ரோடு மாறுனதுதான். நாலு வழிச்சாலை வந்துச்சு, வேகம் வந்துச்சு, முன்னாடி கைகால் ஒடிஞ்சு போயிருக்க வேண்டியவங்க இப்ப உயிரோட வர்றதில்ல. 2022ல செத்தவங்கள்ல நூத்துக்கு எழுபது பேருக்கு மேல அதிவேகம்னு காரணம் எழுதிருக்காங்க. மொத்த ரோட்டு நீளத்துல தேசிய நெடுஞ்சாலை ரெண்டு சதவீதம் சொச்சம்தான், ஆனா சாவுல 36 சதவீதம் அங்கதான். செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல போனவங்க, கிட்டத்தட்ட 20 பேரு நடந்து போனவங்க.

இன்னொரு பாதி எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்கன்னு நான் நெனைக்கிறேன். இந்தக் கணக்கு எல்லாமே போலீஸ் பதிவுலேர்ந்து வர்றது. செத்தா போஸ்ட்மார்ட்டம் இருக்கு, அத மறைக்க முடியாது. எலும்பு ஒடிஞ்சவன் மாவுக்கட்டு போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான், எஃப்ஐஆரும் இருக்காது ஒண்ணும் இருக்காது. அதே 2022ல கேரளாவுல 43,910 விபத்து, சாவு 4,317. பீகார்ல 10,801 விபத்து, சாவு 8,898. பீகார்ல பத்து விபத்துல எட்டு பேரு சாகுறாங்கன்னு யாராவது நம்புவாங்களா, அங்க செத்தா மட்டும்தான் எழுதுறாங்க போல. நம்ம தமிழ்நாட்டுல அந்த வருஷ விபத்து எண்ணிக்கை 64,105, நாட்டுலயே முதலிடம்னு வருஷா வருஷம் நியூஸ் போடுறாங்க. அதுல கொஞ்சம் நாம ஒழுங்கா எழுதுறதாலயும் இருக்கலாம். ஆனா 17,884 சாவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது, உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து நாமதான்.

எழுதாம விட்டா என்ன ஆகப்போகுதுன்னு நானும்தான் நெனச்சேன். ஒரு 500 மீட்டர் ரோட்டுல மூணு வருஷத்துல சாவோ பலத்த காயமோ உள்ள விபத்து அஞ்சு, இல்லன்னா பத்து சாவு இருந்தாதான் நெடுஞ்சாலைக்காரங்க அத பிளாக் ஸ்பாட்னு எடுத்துக்கிட்டு சரி பண்ணுவாங்க. சித்தப்பா விழுந்த எடத்துல அந்த வருஷமே அவரு மூணாவது ஆளுன்னு அங்க இருக்கற டீக்கடைக்காரர் சொல்றாரு. பதிவுல இருக்கறது எத்தனை? எங்க ஆளு கண்டிப்பா இல்ல. அதோட 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில ரோட்டு விபத்துக்கு மொத 48 மணி நேர சிகிச்சை இலவசம், வீட்டுல விழுந்ததா எழுதுனா அத வாயத் தொறந்து கேக்கக்கூட முடியாது. சித்தி கம்மல அடகு வெச்சுதான் கட்டுனோம், அத இன்னும் திருப்பல.

வர்ற வழில அந்த எடத்துல எறங்கிப் பாத்தேன், மணல் அப்படியேதான் கெடக்கு. டீக்கடைக்காரர் ஒரு பழைய லாரி டயருக்கு வெள்ளை அடிச்சு ஓரமா நட்டு வெச்சிருக்காரு.