ஜெர்மனியில் கூலி என்றால் பேனா

ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் தினமும் யாராவது "கூலி இருக்கா?" என்று கேட்பார்கள். பால்பாயின்ட் பேனாவுக்கு ஜெர்மனில் கூகெல்ஷ்ரைபர், செல்லமாகக் கூலி. வெறும் சுருக்கம்தானே என்று விட்டுவிட முடியாது. 1928இல் ஹாம்பர்க்கில் 'டின்டென்கூலி' என்றொரு பேனா வந்தது. பின்னாளில் ரோட்ரிங் என்று பேரெடுத்த நிறுவனத்தின் சரக்கு. டின்டெ என்றால் மை. கூலி நம்ம கூலியேதான். இந்தோனேசியாவில் பத்திரிகைக்காரர்களைக் கேலியாக 'கூலி திந்தா' என்பார்கள். அதுவும் மைக்கூலிதான்!

ரயில் நிலையத்தில் இன்னொன்று உண்டு, கோஃபர்கூலி. பெட்டி தள்ளும் வண்டி. விழுப்புரம் ஜங்ஷனில் சிவப்புச் சட்டைக்காரர்கள் தலையில் சுமந்ததை இங்கே சக்கரம் சுமக்கிறது. நாணயம் செருகினால் வண்டி வரும், திருப்பி நிறுத்தினால் காசும் கைக்கு வந்துவிடும். கூலி வாங்காத கூலி.

சொல்லின் பூர்வீகத்தில் வழக்கு இருக்கிறது. குஜராத்தின் கோலி சமூகத்துப் பெயர் என்பது ஒரு கட்சி, தமிழ்க் கூலி என்பது இன்னொன்று. போர்த்துகீசியர் வாயில் இரண்டும் கலந்திருக்கும் என்பது என் கட்சி. கோல்கொண்டா குலி குதுப் ஷாவின் 'குலி' துருக்கி மொழியில் அடிமையைக் குறிப்பது. அதைச் சிலர் இதோடு முடிச்சுப் போடும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

நமக்குக் கூலி என்பது உழைப்புக்கு வரும் பணம். "மெய்வருத்தக் கூலி தரும்" என்கிறது 619ஆம் குறள். உழைப்பவர் கூலியாள். கப்பலேறிய சொல்லிலிருந்து பணம் கழன்றுவிட்டது, ஆள் மட்டும் மிஞ்சினார். சீனர்கள் அதே ஒலிக்கு இரண்டு எழுத்துகளைப் பொறுக்கினார்கள்: ஒன்று கசப்பு, மற்றது வலு. இதைவிடப் பொருத்தமான ஒலிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை.

1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிப் பதிவான இடத்துக்குக் 'கூலி காட்' என்றே பெயர் இருந்தது. காட் என்றால் படித்துறை. பிறகு ஆப்ரவாசி (குடியேறியவர்) காட் ஆனது, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியே 'கூலி பாரிஸ்டர்'தான். அங்கே இன்றும் அது வசை. வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

2016 ரயில்வே பட்ஜெட்டில், கூலிகளை இனி 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று அழைப்போம் என்றார்கள். எழும்பூரில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "போர்ட்டர்!" என்றுதான் குரல் கொடுப்போம். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னாடியே கூலியைப் பேசிக்கோ என்பாள் அம்மா.