உட்கார்ந்து சாப்பிடுகிறாள் எங்கள் கிழவி

எங்கள் நாய் செம்பிக்கு 12 வயது. அவளுக்கு இருப்பது மெகா ஈசோஃபேகஸ், அதாவது உணவுக்குழாய் தளர்ந்து அகன்றுபோகும் நோய். எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் அகன்று தொய்ந்து கிடந்தது. நாய் நிற்கும்போது நெஞ்சுக்குள் அந்தக் குழாய் ஏறக்குறையப் படுக்கைவசமாகத்தான் போகிறது. சாப்பாட்டை வயிறுவரை தள்ளுவது தசையின் வேலை. இவளுடைய தசைக்கு அந்த வலு போய்விட்டது. விழுங்கியது பாதி வழியில் தேங்கி, திரும்பி வந்துவிடுகிறது.

அது வாந்தி இல்லை. வாந்தி வயிற்றை எக்கி, ஓங்கரித்துக்கொண்டு வரும். இது தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத சாப்பாடாக அப்படியே வழுக்கி விழும். மருத்துவரிடம் போகுமுன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோளாறை எங்கே தேட வேண்டும் என்பதே இதை வைத்து மாறும்.

தட்டை மட்டும் உயரத்தில் வைத்தால் போதாது. நெஞ்சு செங்குத்தாக இருக்க வேண்டும். அதற்குத்தான் பெய்லி நாற்காலி, நாயை நிமிர்த்தி உட்காரவைக்கும் நாற்காலி. பின்னங்கால்களை மடக்கி, முதுகு நிமிர்ந்து, முன்னங்கால்களைப் பலகைமேல் வைத்து உட்காருகிறாள். சாப்பிட்டு முடித்த பிறகும் 15 முதல் 30 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அவசரமாக இறக்கிவிட்டால் அவ்வளவும் வீண். மோவாயை என் முழங்கைமேல் சாய்த்துக்கொள்வாள், நான் கழுத்தை நீவிக்கொண்டிருப்பேன். நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

எந்தப் பதம் ஒத்துக்கொள்ளும் என்பது நாய்க்கு நாய் வேறு. சிலவற்றுக்குச் சிறு உருண்டைகள் நன்றாக இறங்கும். இவளுக்குக் கட்டியில்லாமல் அரைத்த கூழ்ப்பதம். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை.

சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் எனக்குப் பயம். ஜெலட்டினில் உறையவைத்துத் துண்டுகளாகக் கொடுக்கிறேன், அதுவும் நாற்காலியில்தான். மாத்திரைகூடக் குழாயிலேயே தங்கிவிடலாம் என்பதால், எதைக் கரைத்துத் தரலாம் என்று மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம்.

மேலே வருவது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. இந்த நோயில் நாய்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது அதுதான். இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு, திடீர்ச் சோர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயால் இது வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். அதுதான் காரணம் என்றால் மருந்து உண்டு. சில நாய்களுக்குக் குழாய் தேறியும் இருக்கிறது. கட்டாயம் கேளுங்கள். செம்பிக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை, அதனால் நாற்காலியே அவள் மருந்து.